நாங்கள் பூட்டிவைத்த அலமாரிகள்

1947ஆம் ஆண்டு, அன்றைக்கு ஒன்றாக இருந்த ராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியில் ஒரே ஆண்டில் மூன்று கல்லூரிகள் திறந்தன. காரைக்குடியில் அழகப்பா கல்லூரி, சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் கல்லூரி, விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி. அடுத்த ஆண்டு மதுரையில் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். 1949இல் கருமுத்து தியாகராசர் வைகைக் கரையோர நகரத்தில் தம் பெயரால் ஒரு கல்லூரி வைத்தார். பிறகு தூத்துக்குடி, நாகர்கோவில், உத்தமபாளையம் என்று வரிசையாக வந்தன. அதுவரைக்கும் எங்கள் பக்கத்துப் பையன் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் டிரங்குப் பெட்டியோடு மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ ரயிலேற வேண்டும். பெண்பிள்ளை ஆசைப்பட்டால் அந்த ஆசையை வீட்டில் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அழகப்பர் கல்லூரி தொடங்கிய விதம் எங்கள் ஊர்களில் இன்றும் சொல்லப்படுவது. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பெரிய நகரங்களை விட்டு வெளியேயும் கல்லூரிகள் வர வேண்டும், வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். அழகப்பர் அந்த மேடையிலேயே எழுந்து காரைக்குடியில் ஒன்று தொடங்குகிறேன் என்றார். கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கவில்லை. ஊரில் இருந்த காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

கொடுத்தவர்களின் கதைகளை நாங்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறோம். அவர்களுக்குச் சிலை இருக்கிறது, பிறந்தநாளில் மாலை விழுகிறது. அது முறைதான். ஆனால் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து, வெறும் சுவரைத் தாவரவியல் துறை என்றும் வரலாற்றுத் துறை என்றும் ஆக்கியவர்களை நாங்கள் நினைவு வைக்கவில்லை. அவர்கள் சேர்த்ததைக் காக்கவும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனத்தில் இருக்கிறது.

நாங்கள் என்று நான் சொல்வது, 1950களில் தொடங்கிய அப்படியொரு சிறிய உதவிபெறும் கல்லூரியில் படித்து, அதிலேயே வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்ற என் தலைமுறை ஆசிரியர்களை. நானும் அதில் ஒருவன். தாவரவியல் துறை.

அந்தக் காலத்துச் சிறிய கல்லூரியில் துறை என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பேராசிரியர், இரண்டு விரிவுரையாளர், ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் அல்லது டியூட்டர், ஒரு லேப் அட்டெண்டர். சில துறைகளில் அதுவும் கிடையாது. லாஜிக் நடத்துபவர் ஒருவர்தான் தத்துவத் துறை. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது 1966இல். ஆகவே எதை நடத்துவது என்பது அவர்கள் கையில் இல்லை. எதை வைத்து நடத்துவது என்பது மட்டும் அவர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் முழு மனத்தோடு செய்தார்கள். வாங்கப் பணம் இல்லாததால் தாங்களே சேர்த்தார்கள்.

எங்கள் துறையையே சொல்கிறேன். கோடை விடுமுறைக்கு முன்பும் மழை முடிந்த பிறகும் பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைகளுக்கும் ஊருணிகளுக்கும் கோயில் காடுகளுக்கும் போவார். ஆண்டுக்கு ஒருமுறை குற்றாலமோ கொடைக்கானலோ. கொண்டுவந்த செடிகளைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தி, ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்றி, பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரசக் குளோரைடு கரைசல் தடவி, தடித்த வெள்ளைத் தாளில் நூலால் தைத்து ஒட்டுவார்கள். வலது கீழ் மூலையில் சீட்டு. செடியின் பெயர், குடும்பம், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர். பெயர் கண்டுபிடிக்க மேசைமேல் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் எப்போதும் விரிந்து கிடக்கும். இதற்கென்றே ஹெர்பேரியம் கீப்பர் என்று ஒரு பணியிடம் உண்டு. அந்தப் பதவிக்காரர் பட்டம் படித்தவராக இருக்க மாட்டார், ஆனால் காய்ந்த இலையைப் பார்த்தே குடும்பப் பெயர் சொல்வார்.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். சீமைக்கருவேலம் எங்கள் கண்மாய்களை முழுக்க மூடுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன வளர்ந்தது என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி. இந்த ஊர்க் கண்மாயில், இந்த மாதத்தில், இந்த நீர்ச்செடி பூத்தது என்று கையெழுத்தோடு எழுதிவைத்த சாட்சி. இன்றைக்குக் கண்மாயை மீட்கப் போகும் இளைஞர்கள், கரையில் எந்த மரத்தை வைப்பது, முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வருகிறார்கள். பதில் எங்கள் அலமாரியில் இருந்தது. நாங்கள் அதைத் திறப்பதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

எப்போது விட்டோம் என்று ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. ஹெர்பேரியம் கீப்பர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. நிரப்பக் கேட்டு ஒருமுறை எழுதினோம், பதில் வரவில்லை, மறுபடி எழுதவில்லை. பாச்சை உருண்டை மாற்ற ஆளில்லை என்று சொல்லிக்கொண்டோம். பாச்சை உருண்டை மாற்ற ஒரு மனிதனுக்கு அரை மணி நேரம் போதும். துறையில் அத்தனை பேர் இருந்தோம், அத்தனை பேருக்கும் கை இருந்தது. அது அட்டெண்டர் வேலை என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் நினைத்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சாவி ஒரு மேசை இழுப்பறைக்குள் போனது. பிறகு எந்த இழுப்பறை என்பதும் மறந்தது.

விலங்கியல்காரர்களின் கதையும் இதேதான். அவர்கள் மாணவர்களை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் கூட்டிப் போவார்கள். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவு அன்று விலங்கியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர். பலனோகுளோசஸ் என்ற மண்புதை கடற்புழுவுக்குப் பேர்போன இடம். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி மணலைத் தோண்டி எடுத்து, கையில் வழுவழுவென்று அதைப் பார்த்த மாணவன் முதுகெலும்பிகளின் உறவுமுறைப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்க மாட்டான். அப்படிக் கொண்டுவந்தவை ஃபார்மலின் ஜாடிகளில் வரிசையாக நின்றன. கடல்குதிரை, நட்சத்திர மீன், கடல் அட்டை. 1986இல் மன்னார் வளைகுடாவில் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று அங்கே போய் நினைத்தபடி எதையும் எடுத்துவர முடியாது. அது நல்லதுக்குத்தான், அன்று நாங்களும் தேவைக்கு மேல் எடுத்திருப்போம். அதனாலேயே ஏற்கெனவே எடுத்துவைத்த ஜாடிகளைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்திருக்க வேண்டும். ஃபார்மலின் வற்றியது. மூடியில் மெழுகு விட்டுப்போனது. உள்ளே இருந்தது கறுத்துச் சுருங்கியது. 2014இல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபோது, தவளைகள் தப்பின என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த உத்தரவைச் சாக்காக வைத்து ஜாடிகள் இருந்த அறையையே பூட்டிவிட்டோம். உத்தரவில் அப்படி ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஓர் அறை தேவையாக இருந்தது.

பிறகு கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வந்தது. தரம் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்குச் சம்பந்தி வருவது போலத்தான். வெள்ளையடித்தோம், பூந்தொட்டி வைத்தோம், கோப்புகளைத் தைத்தோம். ஒவ்வொரு துறையும் தன் அறையைத் துப்புரவாகக் காட்ட வேண்டியிருந்தது. எது இடைஞ்சலாகத் தெரிந்ததோ அதை ஸ்டாக் ரிஜிஸ்டரில் கண்டம், அதாவது கழித்துக்கட்ட வேண்டியது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். செல்லரித்த தாள்கள், காய்ந்த ஜாடிகள், இயற்பியல் துறையின் பழைய டேன்ஜென்ட் கால்வனாமீட்டர்கள், பித்தளைத் தாங்கியில் நின்ற நீள டெலஸ்கோப், வேதியியல் துறையின் கிப் கருவி. கண்டம் என்று எழுதுவதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூன்று பேரும் போட்டோம். எடைக்குப் போட்ட காகிதத்தில் எங்கள் பேராசிரியர் கையெழுத்திட்ட சீட்டுகளும் போயின. குழு வந்து பார்த்துவிட்டு அறைகள் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனது. அந்தக் குழு எதையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழைய தாள்கள் இருக்கிறதா, காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் பெருமையாக இருந்திருக்கும் என்பதும் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

தமிழ்த் துறையின் பக்கம் வருகிறேன், அங்கேதான் எங்கள் பகுதிக் கல்லூரிகள் மிகப் பெரிய செல்வத்தை வைத்திருந்தன. மேலைச்சிவபுரியில் பிறந்து, சிறுவனாக பர்மாவுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்துத் திரும்பி, தமிழ் படித்த வ.சுப. மாணிக்கம் காரைக்குடி அழகப்பா கல்லூரியில்தான் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், அதன் முதல்வராகவும் ஆனார். 'தமிழ்க் காதல்' எழுதியவர், பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானவர், ஒரு சிறுநகரக் கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்கு யாப்பு சொல்லிக்கொண்டிருந்தார். மதுரை தியாகராசர் கல்லூரியில் ஒரே காலகட்டத்தில் நற்றிணைக்கும் புறநானூற்றுக்கும் உரை கண்ட ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும், 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' எழுதிய அ.கி. பரந்தாமனாரும் வகுப்பெடுத்தார்கள். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த சி. இலக்குவனார் விருதுநகர், நாகர்கோவில், மதுரை என்று கல்லூரி கல்லூரியாகப் போனவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். சிவகங்கைக் கல்லூரியின் மீரா, வகுப்பு முடிந்த நேரத்தில் அன்னம் பதிப்பகத்தை நடத்தி, கி. ராஜநாராயணனையும் இளம் கவிஞர்களையும் ஒரு சின்ன ஊரிலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் அனுப்பிவைத்தார். பின்னாளில் அழகர் கோயிலைத் தமிழர்களுக்குப் புதிதாகக் காட்டிய தொ. பரமசிவன் காரைக்குடியில் படித்த மாணவர்தான்.

இவர்கள் நூல் எழுதியவர்கள், அதனால் பெயர் எஞ்சியது. எங்கள் கல்லூரியில் ஒரு தமிழாசிரியர் இருந்தார், நூல் எதுவும் வெளியிட்டவரில்லை. மாணவர்களைக் கொண்டு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார். ஒரே ஒரு படி. அழகாகக் கையெழுத்து எழுதுபவன் எழுதுவான், படம் போடத் தெரிந்தவன் அட்டை போடுவான். வாசகசாலை மேசைமேல் அதை வைத்தால் பையன்கள் வரிசையில் நின்று படிப்பார்கள். ஊர் ஊராகச் சேகரித்த ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் அதில் வந்தன. பாடிய கிழவியின் பெயரும் ஊரும் கீழே இருக்கும். நாட்டார் வழக்காற்றியல் என்ற பெயரே எங்கள் ஊரில் பழக்கத்துக்கு வராத காலம். அந்தப் படிகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நூலகத்தின் அக்ஸெஷன் ரிஜிஸ்டரில் அவற்றுக்கு எண் கிடையாது, விலைக்கு வாங்கிய புத்தகத்துக்குத்தான் எண் போடுவார்கள். எண் போட்டிருக்கலாம். போடும்படி நூலகரிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

வரலாற்றுத் துறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. மாணவர்கள் தங்கள் ஊரில் உழும்போது கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தவை: கறுப்பு சிவப்புப் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு, தேய்ந்த செப்புக் காசு. கொண்டுவந்தவன் ஊர்ப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தார் பழைய பேராசிரியர். நாங்கள் அந்தப் பெட்டியை ஆண்டு விழாவில் ஒரு நாள் வராந்தாவுக்குக் கொண்டுவந்து வைப்போம், மறுநாள் உள்ளே கொண்டுபோவோம். கீழடியில் 1970களிலேயே ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்கள் கொண்டுவந்த பொருளைப் பார்த்து, இது சாதாரணம் இல்லை என்று உணர்ந்து உரியவர்களுக்குத் தெரிவித்தார். பள்ளிச்சந்தைத் திடலில் 2015இல் அகழாய்வு தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கீழடி எங்களுக்குப் பஸ் தூரம். வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கிய அத்தனை பேர் நாங்கள் கல்லூரியில் இருந்தோம். எங்களில் ஒருவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஊர்ப் பெயர்களைப் படித்து, ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய்வரலாம் என்று கிளம்பவில்லை. சிலபஸில் இல்லை என்பது எங்கள் பதிலாக இருந்தது. பழைய பேராசிரியருக்கும் சிலபஸில் இல்லைதான்.

ஏன் இப்படி ஆனோம் என்று யோசித்தால் ஒரு சங்கடமான இடத்துக்கு வந்து நிற்கிறேன். எங்களுக்கு முந்தியவர்களுக்குப் பணிப் பாதுகாப்பு கிடையாது. நிர்வாகம் நினைத்தால் கல்வியாண்டு முடிவில் வீட்டுக்கு அனுப்பலாம். சம்பளம் குறைவு, அதுவும் நாள் தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கின, பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வேலையையே இழந்தார்கள். எங்கள் பக்கத்தில் மூட்டா என்ற ஆசிரியர் சங்கத்தின் பெயரைச் சொன்னாலே அந்தக் காலத்து ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்காற்றுச் சட்டம் வந்தது. சம்பளம் அரசிடமிருந்து நேரே வரத் தொடங்கியது. அந்தப் பாதுகாப்பின் மேல்தான் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தோம். மானத்தோடு பாடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் வாங்கித் தந்ததை நாங்கள் நிம்மதியாக ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவதற்குப் பயன்படுத்தினோம். சங்கத்தின் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. அது தந்தது உரிமை. அதில் எதை வைத்து நிரப்புவது என்பது எங்கள் பொறுப்பாக இருந்தது.

1978இல் மேல்நிலைப் பள்ளிகள் வந்து புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் போனது. பாடவேளைகள் குறைந்தன. கிடைத்த நேரத்தில் துறையை வளர்த்திருக்கலாம். எங்களில் பலர் டியூஷன் எடுத்தோம், சிலர் கைடு எழுதினோம். பல்கலைக்கழகக் கேள்வித்தாள்களைப் பார்த்து எது திரும்பத் திரும்ப வரும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களானோம். பையன்களுக்கும் அது வசதி, எங்களுக்கும் வசதி, தேர்ச்சி விகிதம் ஏறியதால் நிர்வாகத்துக்கும் வசதி. கேம்பிள் அலமாரிக்குள் போனது அந்த ஆண்டுகளில்தான்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 1984க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறந்தன. எங்கள் பிள்ளைகள் பெரியவர்களானார்கள். தாவரவியல் ஆசிரியர் வீட்டிலும், தமிழாசிரியர் வீட்டிலும், பொருளாதார ஆசிரியர் வீட்டிலும் பிள்ளைகள் பொறியியலுக்குப் போனார்கள். பிள்ளை விருப்பம் என்பது ஓரளவு உண்மை. ஆனால் சேர்க்கை நாளில் கிராமத்திலிருந்து மகனோடு வந்து நின்ற தகப்பனாரிடம், பாட்டனி நல்ல படிப்பு ஐயா, சேர்த்துவிடுங்கள் என்று சொன்னவர்களும் நாங்களே. எங்கள் பாடத்தை எங்கள் வீட்டுக்குள் நம்பாமல் ஊரான் பிள்ளைக்கு மட்டும் பரிந்துரைத்தோம். அந்தத் தகப்பனார்கள் எங்களை நம்பினார்கள். நாளாவட்டத்தில் அவர்களும் கண்டுகொண்டார்கள். விண்ணப்பம் குறைந்தது. தத்துவத் துறை முதலில் போனது. அங்கிருந்தவர் ஓய்வு பெற்ற அன்றே துறையும் ஓய்வு பெற்றது. அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. வரலாற்றில் சேர்க்கை சுருங்கியபோதும் பேசவில்லை. எங்கள் துறைக்கு வந்தபோது பேசினோம், அப்போது எங்களுக்காகப் பேச மற்றத் துறைகளில் யாருக்கும் மனம் வரவில்லை.

சுயநிதிப் பிரிவு எங்கள் வளாகத்துக்குள்ளேயே பிற்பகல் ஷிப்டாக வந்தது. எங்களிடமே படித்த பிள்ளைகள் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு அங்கே பாடம் நடத்த வந்தார்கள். எங்கள் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்குதான் அவர்களுக்கு. கோடை மாதங்களில் அதுவும் இல்லை. துறை அறையில் நாற்காலிகள் எங்களுடையவை. அவர்கள் நூலகத்தில் உட்கார்ந்தார்கள், மரத்தடியில் டிபன் பாக்ஸ் திறந்தார்கள். விடைத்தாள் திருத்துவது, விழா நடத்துவது, நாக் கோப்பு தயாரிப்பது எல்லாம் அவர்கள் தலையில் ஏறியது. "என்ன சார் செய்யறது, நிலைமை அப்படி" என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்மா என்று சொல்ல எந்த அரசாணையும் தேவைப்பட்டிருக்காது. அந்தக் காலத்து டெமான்ஸ்ட்ரேட்டர்கள் பேராசிரியரோடு ஒரே மேசையில் தேநீர் குடித்த துறை அது.

வெள்ளி விழா, பொன் விழா, வைர விழா எல்லாம் கொண்டாடினோம். மலர் வெளியிட்டோம். மலர்க்குழுவில் நான் இருந்தேன். வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் போக மிஞ்சிய பக்கங்களில் நிறுவனர் வரலாறு வந்தது. துறைகளின் வரலாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. துறை தொடங்கிய ஆண்டு, இப்போதைய ஆசிரியர் பட்டியல். முதல் பேராசிரியர் பெயரின் தலைப்பெழுத்தைச் சரிபார்க்க அவர் குடும்பத்தை யாரும் தேடவில்லை. அவருடைய மனைவி அப்போது உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருந்தார். பழைய துறைப் புகைப்படங்களில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் மட்டும் கீழே இருக்கிறது. பின்னால் நிற்கும் அட்டெண்டர், ஆய்வக எரிவாயுவைப் பார்த்துக்கொண்ட கேஸ்மேன், ஹெர்பேரியம் கீப்பர் பெயர்கள் இல்லை. இன்று அந்தப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இத்தனையும் எழுதுவது எங்களை நாங்களே அடித்துக்கொள்வதற்காக இல்லை. எல்லாம் போய்விடவும் இல்லை. கண்டம் எழுதிய தாள்களில் ஒரு பகுதியை அன்று எடைக்காரரிடம் கொடுக்க மனமில்லாமல் அட்டெண்டர் ஒருவர் விதைக் கிடங்குக்குப் பின்னாலிருந்த அறையில் அடுக்கிவைத்திருந்தார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, ஆனால் சீட்டுகள் பல படிக்கிற நிலையில் இருக்கின்றன. செடி போனாலும் ஊர்ப் பெயரும் தேதியும் இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியை, நாங்கள் நாற்காலி கொடுக்காத பிள்ளைகளில் ஒருவர், தாமாக முன்வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அட்டவணை போடத் தொடங்கினார். நாங்கள் நான்கைந்து ஓய்வுபெற்றவர்கள் இப்போது அவருக்கு உதவியாகப் போகிறோம். அவர் சொல்கிறபடி செய்கிறோம். பழைய கையெழுத்தைப் படிப்பதும், செடியின் ஊர்வழக்குப் பெயரைச் சொல்வதும், சீட்டில் இருக்கும் பழைய ஊர்ப் பெயர் இன்று எந்த ஊர் என்று காட்டுவதும் எங்கள் வேலை. இந்த அறைக்கு மின்விசிறியும் ஒழுகாத கூரையும் கேட்டு முதல்வரிடம் எழுதியிருக்கிறோம். இம்முறை பதில் வரும்வரை எழுதுவோம்.

கூடவே ஒலிப்பதிவும் செய்கிறோம். அட்டெண்டராக இருந்தவர்களும் கேஸ்மேனாக இருந்தவரும் முதலில் பேசக் கூச்சப்பட்டார்கள். எங்களைப் போய் என்ன கேட்கப் போகிறீர்கள் ஐயா என்றார்கள். பேசத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. எந்தப் பேராசிரியர் எந்த ஊர்க் கண்மாயில் சேற்றில் சிக்கினார், குருசடைக்குப் போன படகில் யாருக்கு வாந்தி, முதல் முதலாகப் படித்த பெண்கள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு ஆய்வகத்தில் தனி நேரம் ஏன் வைத்தார்கள் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. துறைப் புகைப்படங்களில் பின்வரிசைப் பெயர்களை அவர்கள்தான் சொன்னார்கள். பென்சிலால் எழுதிவைத்திருக்கிறோம், இன்னொருவர் உறுதி செய்தபின் மையால் எழுதுவோம்.

இதே காரியத்தை எந்த ஊர்க் கல்லூரியிலும் செய்யலாம், பெரிய பணம் வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தொடங்கிய ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பூட்டிய அலமாரி இருக்கும் என்றே நினைக்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் போய்க் கேட்டால் சாவியைத் தேடித் தருவார்கள். இப்போது பணியில் இருப்பவர்களுக்குப் பாடவேளையும் கோப்பும் கழுத்தை நெரிக்கிறது. நேரம் எங்களிடம்தான் இருக்கிறது.

எங்களுக்கு இன்னும் வேண்டியவை இவை. ஆண்டு மலர்களில் 1961 முதல் 1964 வரை ஒரு படிகூடக் கல்லூரியில் இல்லை. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் வீட்டுப் பரணில் இருந்தால், கொடுத்துவிட வேண்டாம், படமெடுத்துக்கொள்ள இரண்டு நாள் கடனாகத் தந்தால் போதும். தமிழ்த் துறைக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதியவர்கள், அட்டைப்படம் போட்டவர்கள் யாராவது இருந்தால், படி இல்லாவிட்டாலும் நினைவில் இருப்பதைச் சொல்லலாம். வேதியியல் ஆய்வகத்தின் பழைய ரெக்கார்ட் நோட்டுகள், பேராசிரியர் சிவப்பு மையில் திருத்திய பக்கத்தோடு, எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம். சனிக்கிழமை காலைகளில் தாவரவியல் துறையில் இருப்போம்.